கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: டிக் டிக் சத்தமும் டி டிரைவ் பேக்கப்பும்

சென்ற இதழில் லேப்டாப் பேட்டரி பற்றி எழுதினேன். வந்த கடிதங்களில் பேட்டரியைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, போகப் போகிறது என்று பதறியவர்கள்தான் அதிகம். சரி, இந்த முறை முழுக்க அதுவே.

கேள்வி: என் லேப்டாப் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. ஒரு வாரமாக உள்ளேயிருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம் வருகிறது. சில போட்டோக்கள் திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. மகளின் கல்யாணப் படங்கள், பள்ளிக் கேள்வித்தாள்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. தெருமுனை சர்வீஸ் கடைத் தம்பி 'செக் டிஸ்க் போட்டால் சரியாகிவிடும்' என்கிறார். போடலாமா?
(ஓர் ஆசிரியை, திண்டுக்கல்)

பதில்: வேண்டாம் மேடம். முதலில் லேப்டாப்பை அணைத்து வையுங்கள். மீதியை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம்.

உங்கள் லேப்டாப்பில் இருக்கும் வகை டிஸ்க்கில் தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று வேகத்தில் சுழலும். அவற்றைப் படிக்கும் ஹெட், தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் காற்றின்மேல் மிதக்கும். ஒரு தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்றால் அந்த இடைவெளி எவ்வளவு சிறிது என்று பாருங்கள். படிக்க வேண்டிய இடம் பிடிபடாமல் ஹெட் ஓரத்துக்குப் போய்விட்டுத் திரும்பத் திரும்ப வரும்போது கேட்பதுதான் அந்த டிக். ஹெட்டும் தட்டும் உரசத் தொடங்கியிருந்தால், ஓட விடும் ஒவ்வொரு நிமிடமும் கீறல் கூடும்.

செக் டிஸ்க் என்பது விண்டோஸோடு வரும் சோதனை. அது சரி செய்வது, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்குப் புத்தகத்தைத்தான். தட்டில் விழுந்த பழுதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அந்தச் சாக்கில் முழு டிஸ்க்கையும் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை படிக்க வைத்து, முடியாத இடங்களில் ஃபைல்களைத் துண்டாக்கியும் வைத்துவிடும். கல்யாணப் படம் 'ஃபவுண்ட் 000' என்ற ஃபோல்டரில் பெயரில்லாத துண்டுகளாகக் கிடப்பதை எங்கள் கடை மேஜையில் பார்த்திருக்கிறேன். நல்ல டிஸ்க்கில் கரண்ட் போய் ஃபைல் குழம்பினால் செக் டிஸ்க் போடுங்கள். சத்தம் போடும் டிஸ்க்கில் கூடவே கூடாது.

செய்ய வேண்டியது இது. புதிதாக ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கேஸில் போட்டு, வேறு கம்ப்யூட்டரில் மாட்டச் சொல்லுங்கள். அந்த டிஸ்க்கிலிருந்தே விண்டோஸைக் கிளப்பினால், உங்கள் படத்தைத் தொடும் முன்பே அது ஆயிரம் ஃபைல்களைப் படித்து டிஸ்க்கைக் களைப்பாக்கிவிடும். படங்கள் முதலில், கேள்வித்தாள்கள் பிறகு. சினிமா, பாட்டு பக்கமே போக வேண்டாம். சிறு சிறு ஃபோல்டராக எடுங்கள். ஒரு ஃபைலில் சிக்கி நின்றால் கேன்சல் செய்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மாட்டிய கம்ப்யூட்டரில் டிஸ்க்கே தெரியவில்லை, டிக் மட்டும் கேட்கிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். டேட்டா ரெகவரி செய்பவரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முதலில் முழு டிஸ்க்கையும் அப்படியே நகல் எடுத்துவிட்டு, அந்த நகலில்தானே வேலை செய்வீர்கள்?" விவரம் தெரிந்தவர் ஆமாம் என்பார். லினக்ஸில் இதற்கென்றே 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருள் உண்டு; நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் வாரி எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். இந்தக் கேள்விக்கு முழிப்பவரிடம் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள். ஹெட்டையே மாற்ற வேண்டியிருந்தால், தூசி இல்லாத தனி அறையில் அதே மாடல் டிஸ்க் ஒன்றிலிருந்து ஹெட் எடுத்துப் போடுவார்கள். அதற்கு ஆகும் செலவில் எக்ஸ்டர்னல் டிஸ்க் பல வாங்கலாம்.

கேள்வி: ஹார்ட் டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வருமாமே?
(ஒரு வாசகர், கரூர்)

பதில்: உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். வெளியே எடுத்து ஓட விட்டால் மிச்சமிருப்பதும் போகும்.

கேள்வி: எனக்குப் புது லேப்டாப். தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிதான், சுழலும் பாகமே கிடையாது. எனக்குமா பேக்கப்?
(கல்லூரி மாணவர், கோவை)

பதில்: உனக்குத்தான் தம்பி, முக்கியமாக. பழைய டிஸ்க்காவது சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். எஸ்எஸ்டி பல நேரம் அதுவும் செய்யாது. இரவு ப்ராஜெக்ட் எழுதி மூடி வைக்கிறாய், காலையில் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் செட்டிங் திரை) அதன் பெயரே இல்லை. எஸ்எஸ்டியை இயக்கும் கன்ட்ரோலர் சிப் போயிருக்கும்; மெமரியில் எல்லாம் இருந்தும் எடுக்க வழியிருக்காது. சில மாடல்களில் எஸ்எஸ்டியை மதர்போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். போர்டு போனால் அதுவும் கூடவே போகும்.

இரண்டு விஷயம் தெரிந்துகொள். அழித்த ஃபைலின் இடத்தைக் காலி செய்துவிடும் ட்ரிம் என்ற வசதியால், எஸ்எஸ்டியில் அழித்த ஃபைலைப் பெரும்பாலும் மீட்க முடியாது. இன்னொன்று, விண்டோஸ் 11 பல லேப்டாப்களில் நம்மைக் கேட்காமலே டிஸ்க்கைப் பூட்டி வைத்துவிடுகிறது. அதைத் திறக்க 48 இலக்க ரெகவரி கீ வேண்டும். அது உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இன்றே பார்த்து, ஒரு தாளில் எழுதி வை. போர்டு மாற்றிய பிறகு தேடினால் அழுகைதான். வாரன்டி இருக்கிறதே என்பாய். அதில் டிஸ்க் புதிதாகக் கிடைக்கும், ப்ராஜெக்ட் கிடைக்காது.

கேள்வி: டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். நீலத்தில் 'குட்' என்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?
(ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: மஞ்சள் காட்டினால் நம்புங்கள், நீலத்தை நம்பாதீர்கள். 2007-ல் கூகுள் தன்னிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டது. செத்துப்போன டிஸ்க்குகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல், வெப்பநிலையை விட்டுவிட்டுப் பார்த்தால், எந்த எச்சரிக்கையும் காட்டாமலே போயிருந்தன. நீங்கள் கவனிக்க வேண்டியவை, டிஸ்க்கில் பழுதான இடங்களைக் கணக்கிடும் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகள். அவற்றில் பூஜ்யம் தவிர வேறு எண் ஏறிக்கொண்டே போனால் அன்றே நகல் எடுங்கள். அங்கே '10' என்று இருந்தால் பத்து என்று நினைக்காதீர்கள். பதினாறின் அடிப்படையில் எண்ணும் ஹெக்ஸ் கணக்கில் அது பதினாறு.

கேள்வி: ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். டாலி கணக்கைத் தினமும் இரவு டி டிரைவில் பேக்கப் எடுக்கிறேன். போதாததற்கு, ஃபைல்களை இணையத்தில் ஏற்றி வைக்கும் ஒன்டிரைவும் ஓடுகிறது. இனி பயமில்லைதானே?
(கடை உரிமையாளர், விருதுநகர்)

பதில்: அண்ணாச்சி, தினமும் தவறாமல் எடுக்கிறீர்களே, அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் உங்கள் லேப்டாப்பில் சி டிரைவும் டி டிரைவும் ஒரே டிஸ்க்காகத்தான் இருக்கும். நடுவில் கோடு போட்டு இரண்டு பெயர் வைத்திருப்பார்கள். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். 'டிஸ்க் 0' என்ற ஒரே வரியில் இரண்டும் இருந்தால், போகும்போது இரண்டும் சேர்ந்துதான் போகும்.

ஒன்டிரைவ் பரவாயில்லை, டிஸ்க் செத்தால் கைகொடுக்கும். ஆனால் இங்கே ஒரு ஃபைல் அழிந்தால் அங்கேயும் அழியும். அதன் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், அவ்வளவுதான். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்து ஃபைலைப் பூட்டினால், பூட்டிய ஃபைலே மேலே ஏறும்.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலமாக்கிய 3-2-1 கணக்கு உங்கள் கடைக்குப் பொருந்தும்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில்; வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். பேக்கப் முடிந்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், செருகியே கிடந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டும். வேறு இடம் எதற்கு என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு நான் 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைத்தான் சொல்வேன். தண்ணீர் ஏறிய வீட்டில் மேஜைமேல் லேப்டாப்பும் கீழ் டிராயரில் பேக்கப்பும் இருந்தால் என்ன மிஞ்சும்?

மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பை ஆடிட்டர் ஆபீஸ் கம்ப்யூட்டரிலோ மகன் லேப்டாப்பிலோ, காலி ஃபோல்டர் ஒன்றில் ரெஸ்டோர் செய்து பாருங்கள். நேற்றைய கடைசி பில் நம்பர் வருகிறதா என்று பார்த்தால் போதும். உங்கள் கணக்கு இருக்கும் ஃபோல்டரில் ரெஸ்டோர் செய்துவிடாதீர்கள், இன்றைய பில்கள் மேல் பழையது ஏறிவிடும்.

கேள்வி: ஆன்லைனில் 2 டிபி பென் டிரைவ் 600 ரூபாய்க்கு வருகிறது. பேக்கப்புக்கு வாங்கலாமா?
(ஒரு வாசகி, புதுச்சேரி)

பதில்: வாங்காதீர்கள். உள்ளே இருப்பது சின்ன சிப். 2 டிபி என்று விண்டோஸுக்குப் பொய் சொல்லும்படி எழுதியிருப்பார்கள். நிரம்பியதும் பழையதன்மேலேயே எழுதும், ஃபைல் பெயர்கள் மட்டும் வரிசையாகத் தெரியும். ஏற்கனவே வாங்கியிருந்தால், அதில் முக்கியமானதை வைக்கும் முன் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவசச் சோதனையை ஓட்டுங்கள். பொய் என்று காட்டினால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.