பகா எண்கள் பிடிக்கும், கணக்குப் பரீட்சை பிடிக்காது

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. ஆறு வயதில் ஆட்டிசம் என்று உறுதி செய்தார்கள். 500 வரைக்கும் உள்ள பகா எண்களை (2, 3, 5, 7 மாதிரி, ஒன்றாலும் அதே எண்ணாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுபவை) வரிசையாகச் சொல்வான், இரவில் அதைச் சொல்லிக்கொண்டேதான் தூங்குவான். ஆனால் கணக்குப் பரீட்சையில் நூற்றுக்கு இருபதைத் தாண்டுவதில்லை, பரீட்சைக்கு முந்தின நாளே வயிற்றுவலி வந்துவிடும். "ஆட்டிசம் பிள்ளைகள் கணக்கில் புலி ஆச்சே" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். "தெரிஞ்சுக்கிட்டே எழுத மாட்டேங்கிறான்" என்கிறார் ஆசிரியர். டியூஷன் வைத்தோம், அழுகைதான் கூடியிருக்கிறது. யார் சொல்வது சரி? நான் என்ன செய்யட்டும்? ராத்திரி எண் சொல்லும் பழக்கத்தை நிறுத்த வேண்டுமா?

பதில்: ரெண்டு பேர் சொல்வதும் சரியில்லை. முதலில் சொந்தக்காரர்கள் விஷயத்தை முடித்துவிடலாம், அது சுலபம்.

ஆட்டிசம் என்றால் கணக்குப் புலி என்ற எண்ணம் பெரும்பாலும் சினிமாவிலிருந்து வந்தது. 1988-இல் வந்த 'ரெயின் மேன்' படத்தில் ஆட்டிசம் உள்ள கதாநாயகன் பெரிய பெரிய பெருக்கலை நொடியில் சொல்லுவார், உலகம் முழுக்க அதுவே ஆட்டிசத்தின் முகமாகப் பதிந்துபோனது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக் என்ற மனிதருக்கு அபார நினைவாற்றல் இருந்தது உண்மை, ஆனால் அவருக்கு இருந்தது ஆட்டிசம் இல்லை என்றுதான் பிற்பாடு கருதப்பட்டது.

நிஜத்தில் எப்படி? ஆட்டிசம் உள்ள டேனியல் டாமெட் 2004 மார்ச் 14 அன்று பை எண்ணின் தசம இலக்கங்களில் 22,514-ஐ ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு மனப்பாடமாகச் சொன்னார். அதே ஆட்டிசம் உள்ள டெம்பிள் கிராண்டின், கால்நடைகளைக் கையாளும் அமைப்புகளை வடிவமைத்துப் பேர் வாங்கிய பேராசிரியர், அல்ஜீப்ரா தனக்கு ஏறவே இல்லை என்று பல மேடைகளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அவர் யோசிப்பது படங்களாக. ஒரு கதவையோ சரிவுப் பாதையையோ மனதில் சுற்றிச் சுற்றிப் பார்க்க முடிகிறது, எக்ஸுக்கும் ஒய்க்கும் படம் கிடைக்கவில்லை. இந்த ரெண்டு பேருக்கும் நடுவில்தான் பெரும்பாலானவர்கள் இருக்கிறார்கள், அதில் நிறையப் பேர் கணக்கில் சராசரிதான்.

பிரிட்டனில் 14 முதல் 16 வயது வரையிலான, ஆட்டிசம் உள்ள 100 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2009-இல் வெளியானது. அவர்களில் 73 சதவீதம் பேருக்கு, வாசிப்பிலோ கணக்கிலோ ஏதாவது ஒன்றாவது, அவர்களுடைய பொது அறிவுத்திறன் மதிப்பெண்ணிலிருந்து நன்றாகவே விலகி நின்றது, சிலருக்கு மேலே, சிலருக்குக் கீழே. கணக்கு மட்டும் தனியாக எகிறி நின்ற ஒரு கூட்டம் இருந்தது, கணக்கு மட்டும் சரிந்து கிடந்த கூட்டமும் இருந்தது. இதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பயனில்லை, உங்களுக்காகச் சொல்கிறேன்: உங்கள் பையனிடம் இருக்கும் மேடு பள்ளம் விசித்திரம் இல்லை, ஆட்டிசத்தில் அடிக்கடி பார்க்கிற ஒன்று.

இப்போது ஆசிரியர் சொன்னதற்கு வருகிறேன், இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கணக்கு என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோமே தவிர உள்ளே ஏழெட்டு வேலை இருக்கிறது. எண்களின் அளவை உணர்வது, வாய்ப்பாட்டை நினைவில் வைப்பது, வழிமுறையை வரிசை மாறாமல் செய்வது, பாதி விடையை மனதில் பிடித்து வைத்துக்கொண்டே மீதியைச் செய்வது, கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்வது, இலக்கங்களை நேராக ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவது, இதையெல்லாம் மணி அடிப்பதற்குள் முடிப்பது. இதில் ஒன்றிரண்டு சறுக்கினாலே விடைத்தாளில் மொத்தமும் சறுக்கியதாகத்தான் தெரியும். வேகத்தை அளக்கும் சோதனைகளில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் தங்களுடைய மற்ற மதிப்பெண்களைவிடக் குறைவாகவே வாங்குகிறார்கள். கணக்கே தெரியாதவனும், தெரிந்தும் கை வேகமாக ஓடாதவனும் பரீட்சையில் ஒரே இருபதைத்தான் வாங்குவார்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். என்னிடம் வந்த ஒரு பையன், கிட்டத்தட்ட உங்கள் மகன் வயதுதான். கேள்வி இது: ஒரு வேனில் 8 பேர் உட்காரலாம், 50 பேரை அழைத்துப்போக எத்தனை வேன் வேண்டும்? பதினைந்து நிமிடம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். என்னப்பா என்று கேட்டேன். "டிரைவர் அந்த எட்டில் சேர்த்தியா, இல்லையா?" என்றான். யோசித்துப் பாருங்கள். சேர்த்தி இல்லை என்றால் 7 வேன் போதும். சேர்த்தி என்றால் ஒரு வேனில் 7 பேருக்குத்தான் இடம், 8 வேன் வேண்டும். விடையே மாறுகிறது! வகுப்பில் மற்ற எல்லோரும் கேள்வி கேட்டவர் மனதில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து, டிரைவரைக் கண்டுகொள்ளாமல் 7 என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். இவன் தாளில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் படித்தான். இந்தக் கேள்வியில் இவனுக்கு விழுந்தது பூஜ்யம். "எழுத மாட்டேங்கிறான்" என்று அவனைப் பற்றியும் சொன்னார்கள்.

வார்த்தைக் கணக்குகளில் தடுமாறுவது பெரும்பாலும் இந்த மாதிரிதான். எண் தெரியாமல் இல்லை, சொல்லாமல் விட்டதை நிரப்பிக்கொள்ள வராமல்.

அடுத்தது விதிகள். சின்ன வகுப்பில் "சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது" என்று சொல்லித் தருகிறோம், ரெண்டு மூன்று வருடம் கழித்து மைனஸ் எண்களைக் கொண்டு வந்து கழிக்கலாம் என்கிறோம். "பெருக்கினால் கூடும்" என்போம், அப்புறம் பாதியால் பெருக்கினால் குறைகிறது. மற்ற பிள்ளைகள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். விதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு இது காலுக்கடியில் தரை நழுவுகிற மாதிரி. ஒரு பெண் குழந்தை என்னிடம் கேட்டாள், "அப்போ போன வருஷம் டீச்சர் சொன்னது பொய்யா?" என்று. ஆமாம், கொஞ்சம் பொய்தான் என்று ஒத்துக்கொண்டேன், அதற்கப்புறம்தான் அவள் பென்சிலை எடுத்தாள். "நாம் இப்போது வைத்திருக்கும் எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் முடியாது" என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

வழிமுறை விஷயமும் உண்டு. 4003-இலிருந்து 1876-ஐக் கழி என்றால் பள்ளியில் பூஜ்யம் பூஜ்யமாகக் கடன் வாங்கச் சொல்வார்கள். சில பிள்ளைகள் 1876-லிருந்து 2000-க்கு 124, அங்கிருந்து 4003-க்கு 2003, ஆக 2127 என்று மனதிலேயே போட்டுவிடுவார்கள். விடை சரி, ஸ்டெப் இல்லை, மார்க் போச்சு. கணக்கில் கெட்டிக்காரர்களான ஆட்டிசம் உள்ள குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் செய்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது, இப்படி எண்ணை உடைத்துச் சேர்க்கும் வழியை அவர்கள் மற்றக் குழந்தைகளைவிட அதிகம் பயன்படுத்தியதைப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் மகன் எப்படிச் செய்கிறான் என்று தெரிய வேண்டுமானால், அவனை எழுதச் சொல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். அதிகம் பேசாத பிள்ளை என்றால் காய்களையோ கட்டைகளையோ நகர்த்திக் காட்டச் சொல்லலாம்.

சரி, பகா எண்கள். இதை வைத்து அவன் கணக்கில் கெட்டி என்று முடிவு கட்ட முடியாது, ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியாது. ஒரு நல்ல நாளில், அவனாகவே எண்களைப் பற்றிப் பேசும்போது, போகிற போக்கில் கேளுங்கள்: "91 ஏன் உன் வரிசையில் இல்லை?" பார்த்தால் பகா எண் மாதிரியே இருக்கும் எண் அது. "ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணு" என்று சொன்னால் எண்களின் உள்ளமைப்பு அவனுக்குத் தெரிகிறது, பாடத்தில்தான் வேறு எங்கோ அடைப்பு. "அது லிஸ்ட்ல இல்ல" என்றால் அவன் அதை ஒரு பாட்டு மாதிரி நினைவில் வைத்திருக்கிறான். ரெண்டுமே நல்லதுதான், ஆனால் அடுத்து செய்ய வேண்டியது வேறு வேறு. ஒரே ஒரு தடவை கேளுங்கள், பரீட்சை மாதிரி ஆக்கிவிடாதீர்கள்.

ரெண்டாவது வகை என்றால் இதையும் கவனியுங்கள். 7 பெரிதா 9 பெரிதா என்று சொல்லவே யோசிக்கிறானா, சின்னக் கூட்டலுக்கும் இன்னும் விரல்தானா, ஒரு குவியலைப் பார்த்து பத்து இருக்குமா நூறு இருக்குமா என்று உத்தேசமாகச் சொல்ல வருகிறதா, கடிகார நேரம் குழப்புகிறதா. இவை சேர்ந்து இருந்தால் டிஸ்கால்குலியாவும், அதாவது எண்களைப் புரிந்துகொள்வதிலேயே இருக்கும் கற்றல் குறைபாடும், கூடவே இருக்கலாம், அது ஆட்டிசத்தோடு சேர்ந்தும் வரும். அதற்குத் தனியாக மதிப்பீடு செய்ய வேண்டும், கற்றல் குறைபாடுகளை மதிப்பிடும் உளவியலாளரைப் பாருங்கள். ஆட்டிசம் என்று ஒரு பெயர் ஏற்கெனவே இருப்பதால் எல்லாவற்றையும் அதன் கணக்கிலேயே எழுதிவிடுவது வீடுகளிலும் பள்ளிகளிலும் நடக்கிற தவறு, எங்கள் தொழிலிலும் நடக்கிறது.

இனி, அவனுக்குக் கணக்கு பிடிக்குமா என்ற விஷயம். திறமையும் பிரியமும் ஒன்றாகவே வரும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் பேசிப் பார்த்தால் எல்லா ஜோடியும் கிடைக்கும். நன்றாக வரும் ஆனால் ஒரு உணர்ச்சியும் இல்லை என்பவர், உயிராகப் பிடிக்கும் ஆனால் வராது என்பவர், பட்டம் வாங்கிவிட்டு அதன் பக்கமே திரும்பாதவர், எண் என்றாலே உடம்பு நடுங்குகிறவர். சிலருக்கு எண்களுக்கு நிறமும் குணமும் இருக்கும். இப்படிப் புலன்கள் கலந்து உணர்வதை 2013-இல் ஓர் ஆய்வு கணக்கெடுத்தது, ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் சுமார் 19 சதவீதம் பேருக்கு இருந்தது, மற்றவர்களில் சுமார் 7 சதவீதம். 4 முசுடு, 7 நல்லவன் என்று ஒரு பிள்ளை சொன்னால் அது கதை விடுவதாக இருக்க வேண்டியதில்லை.

உங்கள் மகனுக்குப் பகா எண்கள் அநேகமாக ஆறுதல். மாறாதவை, கேள்வி கேட்காதவை, எப்போது கூப்பிட்டாலும் அதே வரிசையில் வருபவை. பரீட்சையில் வரும் எண்கள் அப்படி இல்லையே, அவற்றுடன் கடிகாரமும் சிவப்பு மையும் வருகின்றன. ஒருவேளை அவனைப் பொறுத்தவரை இவை ரெண்டும் ஒரே பொருளே இல்லையோ என்னவோ. அதனால் ரெண்டு வேண்டுகோள். விருந்தாளி வந்தால் "சொல்லிக் காட்டு கண்ணா" என்று அவனைக் கூப்பிடாதீர்கள். ஹோம்வொர்க் முடித்தால்தான் பகா எண் புத்தகம் என்று பேரமும் பேசாதீர்கள். ஆறுதலாக இருப்பதைக் கூலியாக மாற்றினால், ஒரு நாள் அதுவும் ஹோம்வொர்க் ஆகிவிடும்.

அந்த வயிற்றுவலி நடிப்பில்லை. தன் உணர்ச்சிக்குப் பெயர் சொல்ல முடியாத நிலை ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பயமாக இருக்கிறது என்று சொல்ல வராத பிள்ளைக்கு அது வயிற்றில்தான் வலிக்கும். எதற்கும் ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், பரீட்சை இல்லாத நாட்களிலும் வலித்தால் கட்டாயம்.

டியூஷனை நிறுத்துங்கள். கொஞ்ச நாளைக்காவது. அழுதுகொண்டே போடும் கணக்கில் மண்டைக்குள் போவது அழுகை மட்டும்தான், அதுவும் பள்ளியில் நாள் முழுக்கச் சத்தத்தையும் கூட்டத்தையும் சமாளித்துவிட்டு வரும் பிள்ளைக்கு மாலையில் மீதி என்ன இருக்கும்? அந்த நேரத்தில் வாரத்துக்கு ரெண்டு தடவை, பத்துப் பதினைந்து நிமிடம், ஒரே வகைக் கணக்கு, கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஒரு இலக்கம், ஒரு பக்கத்தில் மூன்று கணக்குக்கு மேல் வேண்டாம். முதல் கணக்கை முழுசாகப் போட்டுக் காட்டுங்கள், ரெண்டாவதில் கடைசி வரியை மட்டும் அவன் முடிக்கட்டும், மூன்றாவதில் பாதி. எத்தனை கணக்கு, எப்போது முடியும் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், நன்றாகப் போகிறதே என்று ஒன்று கூடுதலாகக் கொடுத்து ஏமாற்றாதீர்கள்.

ஆசிரியரிடம் போகும்போது "ஆட்டிசம் பிள்ளை, பார்த்துக்குங்க" என்று பொதுவாகச் சொன்னால் அவருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. குறிப்பாகக் கேளுங்கள். கூடுதல் நேரம் தர முடியுமா, பத்து கணக்குக்குப் பதில் அதே வகையில் நாலு போதுமா, வேறு வழியில் போட்டாலும் விடை சரியாக இருந்தால் வாயால் விளக்க விடுவீர்களா, கேள்வி புரியாவிட்டால் கை தூக்கிக் கேட்க அனுமதி உண்டா. கூடுதல் நேரம் பல நாடுகளில் விதியிலேயே இருக்கிறது, சலுகை கேட்கிறோமே என்று கூச்சப்பட வேண்டாம். அந்த வேன் பையனுக்கு நாங்கள் கேட்டு வாங்கியது கடைசியில் சொன்னதைத்தான், ஒரு பரீட்சைக்கு மூன்று கேள்வி கேட்கலாம் என்று. ஒரு முறைகூட மூன்றையும் அவன் பயன்படுத்தியதில்லை. கேட்கலாம் என்று தெரிந்ததே போதுமாக இருந்தது.

ராத்திரி எண் சொல்வதை நிறுத்த வேண்டாம். 500-க்குள் 95 பகா எண்கள்தான் இருக்கின்றன, நிதானமாகச் சொன்னாலும் சில நிமிடத்தில் 499 வந்துவிடும்.