எல்லாம் இருக்கிற சமையலறைக்கு என்ன பரிசு?

கேள்வி: என் அண்ணி பிரமாதமாகச் சமைப்பார். அடுத்த மாதம் அவருக்குப் பிறந்தநாள். அவரிடம் இல்லாத சாமானே இல்லை போலிருக்கிறது. எனக்கோ வெந்நீர் வைப்பதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. என்ன வாங்கித் தருவது?

பதில்: சமையல் தெரியாதது இந்த விஷயத்தில் உங்களுக்கு நல்லதுதான். கொஞ்சம் தெரிந்தவர்கள் தங்களுக்குப் பிடித்ததை வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஒரு நாள் அண்ணி சமைக்கும்போது அரை மணி நேரம் பக்கத்தில் நில்லுங்கள். வெங்காயம் உரித்துத் தருகிறேன் என்று சாக்குச் சொல்லலாம். அவர் எங்கே அலுத்துக்கொள்கிறார் என்று கவனியுங்கள். தக்காளி நறுக்கும்போது கத்தி தோலில் வழுக்குகிறதா? கேக்குக்கு மாவு அளந்துவிட்டு, 'போன தடவை நன்றாக வந்ததே, இந்தத் தடவை ஏன் இப்படி?' என்கிறாரா?

கத்தி வழுக்கினால் உடனே புதுக் கத்தி வாங்க ஓடாதீர்கள். கத்தி என்பது செருப்பு மாதிரி, போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். தொழில்முறைச் சமையல்காரர்கள் பலர் 20 செ.மீ. அலகுள்ள கத்தியை விரும்புவார்கள். சின்னக் கை உள்ளவருக்கு 15 செ.மீ. போதும் என்று தோன்றும். கனம், பிடி எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலும் குறை கத்தியில் இல்லை, மழுங்கிய கூரில்தான். சொரசொரப்பு எண் (கிரிட்) 1000 கொண்ட சாணைக்கல் ஒன்று வாங்கிக் கொடுங்கள். தானே தீட்டுகிற ஆள் இல்லை என்றால், வீட்டிலுள்ள கத்திகளை எல்லாம் எடுத்துப்போய் நீங்களே சாணை பிடித்துக் கொண்டுவந்து கொடுங்கள். கூடவே நல்ல கனமான மரப்பலகை ஒன்று. கண்ணாடிப் பலகை வேண்டவே வேண்டாம். பார்க்க அழகுதான், ஆனால் கூரை மழுக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

மாவு சமாச்சாரம் என்றால் டிஜிட்டல் தராசு. கப்பை மாவுக்குள் விட்டு அழுத்திக் கோரினால் 150 கிராம்கூட ஏறிவிடும். அதே கப்பில் கரண்டியால் தளர்வாகப் போட்டு வழித்தால் 120 கிராம் சொச்சம்தான். கேக் ஒரு நாள் பூப்போல வந்து, மறுநாள் கட்டியாகிப் போவதற்கு இந்த 30 கிராம் போதும். 1 கிராம் துல்லியம், 5 கிலோ வரை தாங்குவது என்று பார்த்து வாங்குங்கள். கடையிலேயே பெரிய கிண்ணம் ஒன்றை வைத்துப் பாருங்கள். எண் கிண்ணத்துக்கு அடியில் மறைந்துபோனால் அந்தத் தராசு உதவாது.

இறைச்சி சமைப்பவர் என்றால் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் நல்ல பரிசு. கோழிக்கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் வெந்துவிட்டது என்று அர்த்தம், வெட்டிப் பார்க்க வேண்டியதில்லை. நொறுக்கிய ஐஸ் நிறைந்த தண்ணீரில் முனையை வைத்தால் 0 காட்ட வேண்டும். அதையும் சோதித்துவிட்டே கொடுங்கள்.

பெரிய மெஷின்கள் பக்கம் போகாதீர்கள். எனக்கு ஒருவர் ரொட்டி சுடும் மெஷின் பரிசளித்தார். இரண்டு தடவை ஓடியது. இப்போது அதன் மேல் வெங்காயக் கூடை உட்கார்ந்திருக்கிறது. அவர் வீட்டுக்கு வரும்போது மட்டும் கூடையை இறக்கி வைக்கிறேன்! மேடையில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று பார்க்காமல் வாங்கினால் இப்படித்தான்.

வார்ப்பிரும்பு வாணலி ஆசைப்பட வைக்கும். ஆனால் 26 செ.மீ. வாணலியே 2 கிலோவுக்கு மேல் கனக்கும். மணிக்கட்டு வலி உள்ளவருக்கு அது பரிசே இல்லை. வேறு பாத்திரம் எடுப்பதானால் வீட்டில் என்ன அடுப்பு என்று பாருங்கள். இண்டக்‌ஷன் அடுப்பென்றால் அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் சூடேறும்.

நிஜமாகவே எல்லாம் இருக்கிறது என்றால், தீர்ந்துபோகிற பொருளைக் கொடுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் முதல் தேர்வு. இருபது குட்டிப் பாட்டில்கள் அடங்கிய மசாலாப் பெட்டியைச் சொல்லவில்லை, அதில் பாதி வாசனை போய்த்தான் தீரும். அவர் அடிக்கடி பயன்படுத்துகிற ஒன்றிரண்டை மட்டும், தனக்காக வாங்கத் தயங்குகிற தரத்தில், கொஞ்சமாக வாங்குங்கள். பொடியைவிட முழு மசாலா அதிக நாள் மணக்கும். குங்குமப்பூ என்றால் இழையாகவே வாங்குங்கள், பொடியில் கலப்படம் கண்ணுக்குத் தெரியாது. ஆலிவ் எண்ணெய்க்கு இருண்ட நிறப் பாட்டிலாக, சமீபத்திய தேதியாகப் பாருங்கள். ஒவ்வாமை ஏதும் உண்டா என்று அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், எதை வாங்கினாலும் பில்லை எடுத்து வையுங்கள், மாற்ற வேண்டி வரலாம். தராசு என்றால் பேட்டரியையும் சேர்த்தே பொட்டலம் கட்டுங்கள்.