கறவை மாட்டின் உடம்பில் நைட்ரஜன் அளவு ஒரே நாளில் ஏன் ஏறி இறங்குகிறது?

புரதத்தில் இருக்கும் முக்கியச் சரக்கு நைட்ரஜன். புண்ணாக்கு தின்ற ஒன்றிரண்டு மணி நேரத்தில், முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதிலுள்ள புரதத்தை அம்மோனியாவாக உடைத்து, தாங்கள் வளர எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சுவதை ஈரல் யூரியாவாக்கும். அப்புறம் இரத்தத்திலும் பாலிலும் சிறுநீரிலும் அது ஏறும். அடுத்த தீவனம் வரை மெல்ல இறங்கும்.

தாமிரபரணிக் கால்வாயில் ஒரேயடியாகத் தண்ணீர் திறந்தால், வயல் குடித்தது போக மீதி வடிகாலுக்குத்தானே! திருநெல்வேலிப் பக்கம் பல தொழுவங்களில் கறவை நேரத்தில் மட்டும் புண்ணாக்கு வைப்பார்கள். அதையே பல வேளையாகப் பிரித்து, சோளமாவும் தவிடும் சேர்த்து வைத்தால் வீணாவது குறையும். (கொஞ்சம் யூரியா எச்சில் வழியாக வயிற்றுக்கே திரும்பும், மாடு சிக்கனக்காரி.)

பாலில் யூரியா என்றதுமே கலப்படம் என்று பதற வேண்டாம்: 100 மில்லிக்கு 70 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று உணவுப் பாதுகாப்பு விதியே சொல்கிறது.