விசுவாசத்தால்தான் இரட்சிப்பு என்றால் நியாயப்பிரமாணம் எதற்கு?

மனிதன் நீதிமானாக எண்ணப்படுவது கிரியைகள் (செயல்கள்) இல்லாமல் விசுவாசத்தினாலே என்கிறது பவுல் எழுதிய ரோமர் 3:28, விசுவாசத்தினால் மாத்திரமல்ல என்கிறது யாக்கோபு 2:24, இதில் எது சரி, நியாயப்பிரமாணம் (மோசே வழியாக வந்த கட்டளைகள்) எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், பவுல், யாக்கோபு இருவரும் காட்டும் சாட்சி ஒரே ஆள்தான், ஆபிரகாம். எடுத்தாளும் வசனமும் ஒன்றே, ஆதியாகமம் 15:6. பவுல் பார்ப்பது வரிசையை. ஆபிரகாம் நீதிமானாக எண்ணப்பட்டது 15ஆம் அதிகாரத்தில். விருத்தசேதனம் (ஆண்களின் நுனித்தோலை நீக்கும் சடங்கு) 17இல்தான் வருகிறது. சீனாய் மலைப் பிரமாணமோ வெகுகாலம் கழித்து. யூதரல்லாதவரும் விருத்தசேதனம் செய்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தவர்களை மடக்க அவருக்கு இது போதும். யாக்கோபோ ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்துக்குப் போகிறார், ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய இடம். பசித்தவனிடம் வாயால் நல்ல வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் விசுவாசத்தின் மேல்தான் அவருக்குக் கோபம். ஆக, எதிராளி வேறு. முரண்பாடாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, அப்புறம் பிரமாணம் எதற்கு? பாவத்தைக் காட்டிக்கொடுக்க (ரோமர் 3:20). போக்க அதனால் ஆகாது. அதற்காகப் பத்துக் கட்டளையைத் தூக்கிப் போடலாமா என்றால், பவுலே கூடாது என்கிறார் (3:31).

புரசைவாக்கத்து லுத்தரன் (மார்ட்டின் லுத்தர் வழி வந்த புரொட்டஸ்டண்ட் சபை) நண்பரிடமும் சாந்தோம் கத்தோலிக்கரிடமும் கேட்டால் அழுத்தம் கொஞ்சம் மாறும். ஆனால் 1999இல் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஆக்ஸ்பர்க்கில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன: கடவுள் நம்மை ஏற்பது கிருபையால், நம் தகுதியால் அல்ல, நற்கிரியைகள் அதன் கனி. 2006இல் மெத்தடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள்.