ஓய்வுக்காலத்துக்கு ஸ்பெயினா, கோயமுத்தூரா? வெயிலை வைத்து முடிவு செய்யாதீங்க

கேள்வி: ஈரோட்டுப் பக்கத்துக்காரன். இங்கிலாந்தில் வேலை பார்த்து அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறேன். குளிரும் இருட்டும் போதும் என்றாகிவிட்டது. எனக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. அட்டை (வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இருக்கிறது. மனைவி இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான், இங்கே நிரந்தரமாகத் தங்கும் விசா வைத்திருக்கிறார். பிள்ளைகள் இருவரும் இங்கேயே. வெயிலுக்காக ஸ்பெயின் போகலாமா, கோவைப் பக்கமே வந்துவிடலாமா?

பதில்:

முதலில் ஒன்று கேட்டுவிடுகிறேன். உங்கள் மனைவி என்ன சொல்கிறார்? கேள்வியில் அவருடைய பாஸ்போர்ட் இருக்கிறது, அவருடைய எண்ணத்தைக் காணோம்.

நானும் என் வீட்டுக்காரரும் இங்கிலாந்தின் லெஸ்டரில் வெகுகாலம் இருந்துவிட்டு இப்போது கோவை வடவள்ளியில் இருக்கிறோம். எங்கள் பழக்கத்தில் இந்தப் பேச்சை முதலில் எடுப்பது பெரும்பாலும் ஆண்கள்தான். அவர்களுக்குக் கண்ணில் தெரிவது தோட்டம், தென்னை, கயிற்றுக் கட்டில். பெண்களின் கணக்கு வேறு. இங்கிலாந்தில் பென்ஷன் வயது வந்தால் பஸ் பாஸ் கையில் வந்துவிடும். லைப்ரரிக்குப் போகலாம், மார்க்கெட்டுக்குப் போகலாம், பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டி வரலாம், யாரையும் கேட்க வேண்டாம். இங்கே வந்தால் எங்கே போவதற்கும் ஒரு கார், ஒரு டிரைவர், "எங்கீங்கம்மா போகோணும்" என்ற கேள்வி. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லைதான். படிக்கட்டு உயரம் முட்டிக்கு ஆகவில்லை.

சரி, வெயிலுக்கு வருவோம். டிசம்பரில் நான்கு மணிக்குள் இருட்டும் ஊரில் இருப்பவருக்கு வெயில் என்றாலே சொர்க்கம் மாதிரிதான் தோன்றும். ஆனால் கொங்கு நாட்டு வெயில் எல்லா இடத்திலும் ஒன்றில்லை என்பது உங்களுக்கே தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வருவதால் கோவை, பொள்ளாச்சி, உடுமலை தப்பிக்கின்றன. வைகாசி கடைசியில் காற்றுத் திரும்பி ஆனைமலைப் பக்கம் சாரல் விழ ஆரம்பித்துவிடும். உங்கள் ஈரோடும் கரூரும் கத்திரியில் நாற்பது டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். அந்த நாட்களில் பதினோரு மணிக்கு மேல் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, ஏ.சி.யில் உட்கார்ந்திருப்போம். வைட்டமின் டி மாத்திரை அங்கேயும் சாப்பிட்டேன், இங்கேயும் சாப்பிடுகிறேன். வெயில் நன்றாக இருப்பது ஐப்பசியிலிருந்து மாசி வரைதான். அதற்கென்றே குடி பெயர வேண்டுமா என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஸ்பெயினைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பிரெக்ஸிட்டுக்கு, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியதற்குப் பிறகு பிரிட்டிஷ்காரர் 180 நாளில் 90 நாள்தான் விசா இல்லாமல் இருக்கலாம். தங்குவதென்றால், அங்கே வேலை செய்யாமல் இருக்கும் விசாவுக்கு 2025 கணக்குப்படி ஒருவருக்கு மாதம் 2,400 யூரோ, கூட வருபவருக்கு இன்னும் 600 யூரோ வருமானம் காட்ட வேண்டும். நல்ல பக்கமும் உண்டு. பிரிட்டிஷ் அரசு பென்ஷன் அங்கே வருடா வருடம் ஏறும், பென்ஷன்காரருக்கு மருத்துவச் செலவையும் பிரிட்டனே ஏற்கும் ஏற்பாடு இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் கோவையை விட ஸ்பெயின்தான் லாபம். ஆனால் ஸ்பானிஷ் தெரியாமல் எழுபத்தைந்து வயதில் தனியாக மருந்துக்கடையில் நின்று என்ன வலி என்று விளக்க முடியுமா? எங்களால் முடியாது என்று பட்டது, விட்டுவிட்டோம்.

பென்ஷன் விஷயத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. இந்தியாவில் குடியிருந்தால் அந்த அரசு பென்ஷன் முதலில் வாங்கிய தொகையிலேயே உறைந்துவிடும். முழு பென்ஷன் 2025-26இல் வாரம் 230.25 பவுண்டு. அங்கேயே இருப்பவருக்கு வருடம் குறைந்தது 2.5 சதவீதம் ஏறும் என்பது இப்போதைய விதி. அந்தக் குறைந்தபட்சம் மட்டுமே ஏறினாலும் 20 வருடத்தில் அவர் உங்களை விட 64 சதவீதம் அதிகம் வாங்குவார். ரூபாயின் மதிப்பு இறங்குவதால் சரியாகிவிடும் என்பார்கள். 2005 வாக்கில் பவுண்டு 80 ரூபாய்ச் சொச்சம், 2025இல் 115ஐத் தாண்டியது, அதனால் ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் அதே காலத்தில் கோவையில் வீட்டு வாடகையும் ஆஸ்பத்திரி பில்லும் எங்கே போனது என்று சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

வரியில் ஒரு சலுகைக் காலம் உண்டு. நீண்ட நாள் வெளியே இருந்துவிட்டு வருபவருக்கு முதல் இரண்டு மூன்று வருடம் வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே பொதுவாக வரி இல்லை. அதன் பிறகு எல்லாமே கணக்கில் வரும், வெளிநாட்டுச் சொத்துகளையும் காட்ட வேண்டும். இந்த வேலை தெரிந்த ஆடிட்டரைக் கிளம்புவதற்கு முன்பே பாருங்கள். வந்து இறங்கிய பிறகு பார்த்தால் அவருக்குச் செய்வதற்கு அதிகம் இருக்காது.

இனி தோட்டம். நம் ஊர் ஆம்பளைகளுக்கு இது ஒரு தீராத ஆசை. நாலு ஏக்கர், ஒரு கிணறு, நடுவில் ஒரு சாளை, அதான் தோட்டத்து வீடு. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் விவசாய நிலமும் பண்ணை வீடும் விலைக்கு வாங்க முடியாது. அப்பா வழியில் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், வீட்டுமனை, அடுக்குமாடி வீடு வாங்கலாம், அவ்வளவுதான். உடனே மச்சான் பேரில் எழுதிக்கொள்ளலாம் என்று யோசனை வரும். வேண்டாமுங்க. சட்டப்படியும் தப்பு, மச்சான் நல்லவராகவே இருந்தாலும் அவருடைய பிள்ளைகள் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் படிப்பார்கள். ரியல் எஸ்டேட்காரர் "ஃபார்ம் பிளாட்" என்று காட்டும் இடமும் பத்திரத்திலும் சிட்டாவிலும் புஞ்சை என்று இருந்தால் அது விவசாய நிலம்தான், வாசலில் எவ்வளவு பெரிய ஆர்ச் வைத்திருந்தாலும்.

இங்கேதான் உங்கள் மனைவியின் பாஸ்போர்ட் வருகிறது. அவர் இந்தியக் குடிமகளாகவே திரும்பி வந்து இங்கே குடியிருக்க ஆரம்பித்தால் அவர் பேரில் தோட்டம் வாங்கலாம். ஆனால் அவருடைய பிரிட்டிஷ் நிரந்தர விசா, தொடர்ந்து 2 வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் பறிபோய்விடும். அதற்குப் பயந்து பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்தால் இந்தியக் குடியுரிமை அன்றோடு போய்விடும், தோட்டம் வாங்கும் உரிமையும் கூடவே போகும். ஒரே பாஸ்போர்ட்தான், ஒரு பக்கம் தோட்டம், மறுபக்கம் பிள்ளைகளிடம் திரும்பிப் போகும் வழி. என்னைக் கேட்டால் வழியை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். தென்னந்தோப்பில் உட்கார ஆசை என்றால் பொள்ளாச்சியில் சொந்தக்காரர் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024இல் பல்லடம் பக்கத்திலும் 2025இல் சிவகிரி பக்கத்திலும் தோட்டத்து வீட்டில் இருந்த முதியவர்களைக் கொன்று நகையைக் கொண்டுபோன பிறகு, காட்டுக்குள் தனி வீட்டில் இருந்த பலர் மனது மாறியிருக்கிறார்கள். கேமரா, நாய், கம்பி வேலி எல்லாம் போட்டுக்கொண்டு தூக்கம் வராமல் படுப்பதற்கு அடுக்குமாடியின் மூன்றாவது மாடி மேல். எங்கள் வீட்டுக்காரர் தொட்டியில் கத்தரி வைத்திருக்கிறார்.

எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம் ஆஸ்பத்திரி. கோவைக்கு இதில் குறையே இல்லை. எலும்புக்கு, கண்ணுக்கு, இதயத்துக்கு என்று கேரளத்திலிருந்தும் ஆட்கள் வருகிற ஊர் இது. ஸ்பெஷலிஸ்டை நாளைக்கே பார்க்கலாம், ஸ்கேன் அன்றைக்கே எடுக்கலாம், அங்கே மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். ஆனால் அங்கே கேட்காத ஒரு கேள்வியை இங்கே கேட்பார்கள். வீட்டுக்காரருக்குப் பித்தப்பை ஆபரேஷனுக்காக அட்மிஷன் போடும்போது கவுண்டரில் இருந்த பெண் ஃபாரத்தைப் பார்த்தபடியே, "அட்டெண்டர் யாருங்கம்மா?" என்றாள். நான்தான் என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "உங்களைத் தவிர யாருங்க?"

அட்டெண்டர் என்றால் ராத்திரி கூடவே படுக்க வேண்டும், மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே ஃபார்மஸிக்கு ஓட வேண்டும், அட்வான்ஸ் கட்ட வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், இன்சூரன்ஸ் டெஸ்க்கில் நிற்க வேண்டும். அங்கே நர்ஸ்களே பார்த்துக்கொள்வதில் பாதியை இங்கே குடும்பம் பார்க்கிறது. ஆஸ்பத்திரியின் குறை என்று இதைச் சொல்லவில்லை, இந்த ஊர் ஏற்பாடே அப்படி. அன்றைக்கு என் நாத்தனார் மகன் அவிநாசியிலிருந்து வந்தான், சமாளித்தோம். அவன் அடுத்த வருடம் கனடா போகிறான்.

அதனால் நீங்கள் இருவரும் கைகோத்துப் பேரூர் கோயிலுக்குப் போகும் நாளை மனதில் வைத்து முடிவு செய்யாதீர்கள். இருவரில் ஒருவர்தான் மிச்சம் என்ற நாளை வைத்து யோசியுங்கள். அது பெரும்பாலும் மனைவியாக இருக்கும். அன்றைக்கு அவர் எந்த ஊரில் இருக்க விரும்புவார், யார் அட்டெண்டர் என்பதற்குப் பதில் இருந்தால் தாராளமாக வாருங்கள். பேர் சொல்லிப் பதில் வேண்டும். "சொந்தபந்தம் இருக்கு" என்பது பதிலாகாது.

சொந்தபந்தம் பற்றியும் ஒரு வார்த்தை. வந்த புதிதில் ஒறம்பரை வராத நாளே இருக்காது, முகூர்த்த நாள் தவறாமல் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம். ஒரு கல்யாணத்தில் மொய் எழுதுபவர் நான் நீட்டிய இரண்டாயிரத்தை வாங்கிக்கொண்டு, பேனாவை நோட்டில் வைத்தபடியே பக்கத்தில் இருப்பவரிடம் "லண்டன்காரருங்க" என்றார். மீதியும் வரும் என்று ஒரு நிமிடம் காத்திருந்தார் பாவம். இரண்டு வருடம் போனால் அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் வரும். தப்பில்லை, அவரவர்க்கு அவரவர் வேலை. நாம் விட்டுப்போன ஊரின் ஆட்களில் பாதிப் பேர் இல்லை, அவர்கள் பிள்ளைகள் பெங்களூரிலும் டெக்ஸாஸிலும் இருக்கிறார்கள்.

முதியோர் குடியிருப்புகள் கோவையைச் சுற்றி நிறைய வந்துவிட்டன. தனியாக இருப்பதற்கு நல்ல தீர்வுதான். பார்க்கப் போகும்போது தோட்டத்தையும் யோகா ஹாலையும் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, படுக்கையில் விழுந்தால் அங்கேயே பார்த்துக்கொள்வார்களா, இல்லை வேறு இடம் பாருங்கள் என்பார்களா, மாதப் பராமரிப்பு வருடம் எவ்வளவு ஏறும், ஒருவர் போன பிறகு மற்றவர் பேரில் ஒப்பந்தம் தொடருமா. பல இடங்களில் சமையல் சைவம்தான், ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி வேண்டும் என்பவர் அதையும் கேட்டுக்கொள்ளலாம்.

மெடிக்கல் இன்சூரன்ஸை மட்டும் இப்போதே எடுத்துவிடுங்கள், வந்த பிறகு என்று தள்ள வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பி.பி. போன்றவற்றுக்கு 3 வருடம் வரை காத்திருக்க வைக்கலாம் என்பது 2024 முதல் விதி. 65 வயதுக்கு மேல் புதிதாகப் பாலிசி கிடையாது என்ற தடையும் அதே வருடம் போய்விட்டது, தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பரிலிருந்து இல்லை. ஆனால் பிரீமியம் வயதோடு ஏறும். அங்கே இத்தனை வருடம் சம்பளத்தில் நேஷனல் இன்சூரன்ஸ் பிடித்தம் கட்டியிருந்தாலும், நிரந்தரமாகக் கிளம்பிவிட்டால் என்.எச்.எஸ். என்ற அந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியில் இலவச சிகிச்சை உரிமை கிடையாது. திரும்பிக் குடியேறினால் மறுபடி கிடைக்கும்.

உடம்பு தாங்கும் வரை நான் சொல்வது இதுதான். அக்டோபர் கடைசியில் வாருங்கள், தீபாவளி, பொங்கல் எல்லாம் பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்கு முன் மார்ச்சில் கிளம்புங்கள். அங்கே இருட்டும் இங்கே நல்ல வெயிலும் ஒரே மாதங்களில் வருகிறது, இதைவிட வேறென்ன வேண்டும்? வருடத்தில் 182 நாளுக்குள் இருந்தால் இங்கே வரிக்கு வெளிநாட்டில் வசிப்பவராகவே இருப்பீர்கள் (இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் அந்தக் கணக்கு 120 நாளாகச் சுருங்கும்). குடியிருப்பு அங்கேயே இருப்பதால் பென்ஷன் உறையாது, மனைவியின் விசாவும் பத்திரம். தொல்லை ஒன்றுதான். அங்கே வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால், பல வீட்டுக் காப்பீடுகள் முப்பது நாளுக்கு மேல் ஆளில்லாத வீட்டில் குழாய் வெடித்தால் பணம் தராது. பிள்ளைகளை வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கச் சொல்லி, பாலிசியையும் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முழுசாக வந்துவிடுவது என்றே இருவரும் சேர்ந்து முடிவு செய்தால், அங்கத்திய வீட்டை உடனே விற்க வேண்டாம், வாடகைக்கு விடுங்கள். இங்கேயும் முதலில் வாடகை வீடுதான். மார்கழியில் வந்து வீடு பார்க்காதீர்கள், அப்போது எல்லா வீடும் குளுகுளுவென்றுதான் இருக்கும். சித்திரையில், மதியம் இரண்டு மணிக்கு, மேல்மாடி அறையில் ஃபேனைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் சிறுவாணித் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று ஓனரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டம்மாவிடம் கேளுங்கள்.