18-ஆம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவர்களில் உங்களைக் கவர்ந்தவர் யார், ஏன்?

வில்லியம் ஹெபர்டன். எனக்கு அவரை அறிமுகப்படுத்தியது என் அம்மாவின் விரல்கள்.

அம்மாவுக்கு எழுபது வயது நெருங்கும்போது விரல் நுனிக்குச் சற்றுக் கீழே, கடைசி மூட்டில், பட்டாணி பட்டாணியாகப் புடைத்துக்கொண்டன. பூத் தொடுக்கும்போது நார் நழுவும். "யூரிக் ஆசிடா இருக்கும், பருப்பைக் குறைங்க" என்று தெருவில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். எலும்பு டாக்டர் ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்துவிட்டு, "கவுட் எல்லாம் இல்லம்மா. இது ஹெபர்டன் நோட்ஸ்" என்று சீட்டில் எழுதினார். கவுட் என்றால் யூரிக் ஆசிடால் வரும் மூட்டுவாதம்; நோட்ஸ் (nodes) என்றால் முடிச்சுகள். யாருடா இந்த ஹெபர்டன் என்று அன்று ராத்திரி தேட ஆரம்பித்தேன், இன்னும் விடவில்லை.

1710-இல் லண்டனில் பிறந்தவர். 14 வயதிலேயே கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் சேர்ந்துவிட்டார். 1730-இல் அங்கேயே ஃபெலோ, அதாவது கல்லூரியின் ஆய்வு உறுப்பினர், பிறகு எம்.டி. சுமார் பத்து வருடம் அந்த ஊரிலேயே வைத்தியம் பார்த்துக்கொண்டு, வருடாவருடம் மாணவர்களுக்கு மருந்துச் சரக்குகளைப் பற்றி வகுப்பு எடுத்தார். வகுப்புக்காக அவர் வைத்திருந்த அலமாரியில் வேர், பட்டை, தாதுப்பொருள் என்று மாதிரிகள். நம் நாட்டு மருந்துக் கடையின் இழுப்பறைகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதுதான்.

1745-இல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அந்தக் காலத்தில் 'தீரியாக்கா' என்று சர்வ விஷமுறிவு லேகியம் ஒன்று இருந்தது. பாம்பு இறைச்சி, அபின் உட்பட அறுபதுக்கு மேற்பட்ட சரக்குகள். ரோமாபுரிக் காலத்திலிருந்து மருத்துவர்கள் பயபக்தியோடு எழுதிக்கொடுத்துவந்த மருந்து. இதற்கு ஆதாரமே இல்லை, வெறும் கதம்பம் என்று ஹெபர்டன் போட்டு உடைத்தார். ஆனாலும் லண்டன் மருந்து நூலிலிருந்து அதை நீக்க 1788 வரை ஆனது. பழைய லேகியத்துக்கு ஆயுள் கெட்டி!

1748-இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே நல்ல பெயர், பெரிய மனிதர்களெல்லாம் நோயாளிகள். ஆங்கில அகராதி தொகுத்த எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனுக்குக் கடைசிக் காலத்தில் வைத்தியம் பார்த்தவர்களில் இவரும் ஒருவர். சின்னம்மையும் பெரியம்மையும் வேறு வேறு நோய்கள் என்று தெளிவாகப் பிரித்து எழுதினார்.

ஆனால் எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. நோயாளி சொல்வதைக் கட்டில் பக்கத்திலேயே குறித்துக்கொள்வார். மாதாமாதம் அந்தக் குறிப்புகளைப் புரட்டி, தேறுவதை மட்டும் தனியே எழுதி வைப்பார். அப்படிச் சேர்த்ததிலிருந்துதான் 1768-இல் லண்டன் மருத்துவர்களின் சங்கமான 'மருத்துவர் கல்லூரி'யில் ஒரு கட்டுரை வாசித்தார். நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போது, சாப்பிட்டவுடன், நெஞ்சில் உயிரே போய்விடும்போல ஒரு வேதனை. நின்றால் வேதனை போய்விடும். இந்த நெஞ்சுவலிக்கு 'ஆஞ்சைனா பெக்டோரிஸ்' என்று பெயர் வைத்தவர் இவர்தான். ஈசிஜி இல்லை, ஸ்டெதஸ்கோப்கூட இல்லை, வெறும் காதை வைத்துக்கொண்டு எழுதியது. தினமும் அரைமணி நேரம் மரம் அறுத்து அநேகமாகக் குணமான ஒருவரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். இன்றைய டாக்டர்கள் இதயநோயாளிகளை நடக்கச் சொல்வது நினைவுக்கு வருகிறதா?

கட்டுரை 1772-இல் அச்சானதும் பெயர் போடாத ஒரு கடிதம் வந்தது. ஐம்பத்திரண்டாவது வயதில் இருந்த ஒருவர், எனக்கும் இதேதான், நான் திடீரென்று செத்தால் உடலை அறுத்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். சில வாரங்களில் இறந்தும் போனார். அறுத்துப் பார்த்தவர் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர், கூட இருந்தவர் அம்மைத் தடுப்பூசியால் பின்னால் பெயர்பெற்ற எட்வர்ட் ஜென்னர். ஒன்றும் அகப்படவில்லை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளை அவர்கள் திறந்தே பார்க்கவில்லை. பிறகு ஜென்னருக்கு, வலிக்குக் காரணம் அந்தத் தமனிகள்தானோ என்று சந்தேகம் வந்தது. ஆனால் அதற்குள் அவருடைய குருவான ஹன்டருக்கே அந்த வலி. 'இதுதான் காரணம் என்று தெரிந்தால் அவர் நம்பிக்கை இழந்துவிடுவார்' என்ற பயத்தை ஹெபர்டனுக்கு எழுதிய கடிதத்தில் ஜென்னர் சொல்கிறார். 1793-இல் ஹன்டர் இறந்தபின் பார்த்தால், தமனிகள் இறுகிக் கெட்டியாகிக் கிடந்தன.

ஹெபர்டன் 90 வயதுவரை இருந்து 1801-இல் காலமானார். குறிப்புகளைத் தொகுத்து லத்தீனில் எழுதிவைத்திருந்த நூலை மறுவருடம் மகன் வெளியிட்டார். விரல் முடிச்சு அதில்தான் வருகிறது, மொத்தமே சில வரிகள். கவுட்டோடு தொடர்பில்லை, ஆயுசுக்கும் இருக்கும், வலி அநேகமாக இருக்காது, பார்க்கத்தான் அழகில்லை என்கிறார்.

அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். விரலை நீவிவிட்டுக்கொண்டே கேட்டார்: "வலிக்காதுன்னு அவருக்கு யாருடா சொன்னது?"