சர்ச்கேட்டுக்குத் தெற்கே ஓடிய மின்சார ரயில்: கேள்வி பதில்

ரயில்வேயில் மேல்நிலை மின்கம்பிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்த வாரம் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். பேச்சு மும்பையின் பழைய சர்ச்கேட்–கொலாபா ரயில் பாதையைப் பற்றி மட்டும். கேட்டவர்களின் பேட்டையை மட்டும் போட்டிருக்கிறேன்.

மாட்டுங்கா: சார், சர்ச்கேட்தானே கடைசி ஸ்டேஷன்? அதற்கு அப்பாலும் பாதை இருந்ததா?

இருந்தது. பி.பி.சி.ஐ. கம்பெனி, அதாவது இன்றைய மேற்கு ரயில்வேயின் முன்னோர், 1870களிலேயே கொலாபா வரை தண்டவாளம் போட்டுவிட்டார்கள். 1896இல் அங்கே பெரிய டெர்மினஸ் கட்டடமும் எழும்பியது. லோக்கல், வெளியூர் வண்டி, பருத்தி மூட்டை எல்லாம் அங்கேதான் போய் நிற்கும். 1928 ஜனவரி 5 அன்று கொலாபா–போரிவலி மின்சார ரயில் தொடங்கியது. பெஷாவருக்குப் போன பிரான்டியர் மெயிலும் அதே ஆண்டு கிளம்பியதுதான். 1930 டிசம்பர் 18இல் பாம்பே சென்ட்ரலைத் திறந்தார்கள். டிசம்பர் 31 அன்று கொலாபாவை மூடிவிட்டார்கள். மின்சாரம் வந்து மூன்று வருஷம்கூட நிறையவில்லை.

தாராவி: அண்ணே, இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

தண்டவாளத்தைத் தேடிப் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவாய் தம்பி. பம்பாயில் இரும்பைச் சும்மா கிடக்க விடமாட்டார்கள். பார்க்க வேண்டியது நிலத்தை.

சர்ச்கேட்டில் பிளாட்பாரம் முடிகிற இடத்தில் பஃபருக்கு, அதாவது தண்டவாள முடிவில் வண்டியைத் தடுக்கிற முட்டுக்கு, முதுகைக் காட்டி நில். எதிரே வீர் நரிமன் ரோடு. அந்த ரோட்டைத் தரைமட்டத்திலேயே கடந்து ரயில் தெற்கே போனது. அப்புறம் மகர்ஷி கர்வே ரோடு, பழைய பெயர் குயின்ஸ் ரோடு. இடது கைப்பக்கம் ஓவல் மைதானம், வலது கைப்பக்கம் வரிசையாக ஆர்ட் டெகோ என்கிற பாணியில் கட்டிய கட்டடங்கள். 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. அவையெல்லாம் பாதை போன பிறகு வந்தவை. அதற்கு முன்பு ஓவலில் கிரிக்கெட் பார்த்தவனுக்கு எதிரே ரயில் தெரியும், ரயிலுக்குப் பின்னால் கடல் தெரியும். இன்று கடலைப் பார்க்க மரைன் டிரைவ் வரை நடக்க வேண்டும்.

அங்கிருந்து கூப்பரேஜ் தாண்டிக் கீழே போனால் பத்வார் பார்க். ரயில்வே அதிகாரிகள் குடியிருப்பு. இவ்வளவு விலை போகிற இடத்தில், ஒரு ஸ்டேஷன்கூடப் பக்கத்தில் இல்லாத மூலையில், ரயில்வேக்கு இத்தனை பெரிய மனை எப்படி வந்தது என்று கேட்டுப் பார். கொலாபா ஸ்டேஷனும் அதன் யார்டும் இருந்த நிலம் அது. ரயில் போய்விட்டது, நிலம் ரயில்வேயை விட்டுப் போகவில்லை. என்னைக் கேட்டால் இந்தப் பாதையின் ஆகப் பெரிய மிச்சம் அதுதான். ரயில்வே போர்டின் முதல் இந்தியத் தலைவரான எப்.சி. பத்வாரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள்.

உள்ளே போக முயல வேண்டாம். 2008 நவம்பரில் தாக்குதல்காரர்கள் படகிலிருந்து இறங்கியது அதை ஒட்டிய மீனவர் குப்பத்தில். கேமராவோடு சுற்றுகிறவனை வாட்ச்மேன் கேள்வி கேட்காமல் விடமாட்டார். அதில் தப்பும் இல்லை.

செம்பூர்: ஃபுளோரா ஃபவுன்டன் அருகே தரையில் தண்டவாளம் பார்த்தேன். படம் அனுப்பியிருக்கிறேன். கொலாபா பாதையா?

இல்லை, அது டிராம். தண்டவாளத்தின் தலையைப் பாருங்கள். நடுவில் சக்கர விளிம்பு இறங்க ஒரு பள்ளம் ஓடுகிறது. ரோட்டோடு ரோடாகப் பதிக்க டிராமுக்கு அந்தப் பள்ளம் வேண்டும், ரயிலுக்குத் தேவையில்லை. சந்தேகமாக இருந்தால் டேப் வைத்து அளந்துவிடுங்கள். பம்பாய் டிராமின் அகலம் 1435 மி.மீ., நம் ரயிலின் அகலம் 1676 மி.மீ.

சயான்: சார், நானும் ஒரு படம் அனுப்பினேன்…

டிராம்.

டோம்பிவிலி: அன்றைய மின்சாரமும் இன்றைய மின்சாரமும் ஒன்றா?

நல்ல கேள்வி, என் வயிற்றுப்பாட்டுக் கேள்வியும்கூட. அன்று 1,500 வோல்ட் டி.சி., அதாவது ஒரே திசையில் பாயும் நேர் மின்சாரம். இன்று 25,000 வோல்ட் ஏ.சி., அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம். வோல்ட் குறைந்தால் அதே இழுவைக்குக் கரன்ட் கூடுதலாக வேண்டும். கரன்ட் கூடினால் கம்பி தடிமனாக வேண்டும், சப்ஸ்டேஷன் கிட்டக்கிட்ட வேண்டும். 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடிய நாட்டின் முதல் மின்சார ரயிலும் இதே டி.சி.தான். மேற்குப் பாதை 2012இல் ஏ.சி.க்கு மாறியது. மத்தியப் பாதை 2015, ஹார்பர் 2016. கம்பத்தில் தொங்கும் பீங்கான் இன்சுலேட்டரைப் பார்த்தாலே வித்தியாசம் புரியும். டி.சி.க்குச் சின்னதாக இருந்தால் போதும், ஏ.சி.க்கு நீளமாக, நிறைய மடிப்போடு இருக்கும். பழைய படங்களில் அந்தச் சின்ன பீங்கானைத் தேடுங்கள்.

முலுண்ட்: இருந்த ரயிலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இப்போது அதே இடத்துக்கு மெட்ரோ. இதைவிட முட்டாள்தனம் உண்டா?

அவசரப்படாதீர்கள். பேக் பே என்கிற கடலைத் தூர்த்து நிலம் எடுக்கும் திட்டம் 1920களில் நடந்தது. கவர்னர் ஜார்ஜ் லாயிட் காலத்துக் கனவு. எட்டுப் பிளாக் என்றார்கள், அதில் பாதிதான் தேறியது. புது நிலத்துக்கும் ஊருக்கும் நடுவே தரையில் ஓடுகிற ரயில். ஒவ்வொரு குறுக்கு ரோட்டுக்கும் ஒரு கேட் போட்டால் அந்த மனையை எவன் வாங்குவான்?

கொலாபா: அதாவது ரியல் எஸ்டேட்டுக்காக ரயிலை பலி கொடுத்தார்கள். நேராகச் சொல்லுங்களேன் சார்!

நேராகவே சொல்கிறேன், பாதி அதுதான். அந்தத் திட்டத்தின் ஊழலை கே.எப். நரிமன் வெளியே இழுத்துப் போட்டு, வழக்கு வரை போனார். இன்று அவர் பெயரே அந்த நிலத்துக்கு நரிமன் பாயிண்ட் என்று நிற்கிறது. ஆனால் மறுபாதியையும் பாருங்கள். பருத்தி வியாபாரம் கொலாபாவிலிருந்து சிவ்ரிப் பக்கம் போய்விட்டது. காட்டன் கிரீன் ஸ்டேஷன் அந்தக் கதைதான். சரக்கு போனது, வெளியூர் வண்டி பாம்பே சென்ட்ரலுக்குப் போனது. மிச்சம் லோக்கல் மட்டும்.

முலுண்ட்: லோக்கல்தானே சார் முக்கியம்! பாலம் கட்டி மேலே ஓட்டியிருக்கலாமே?

1930இல், உலகமே மந்தத்தில் கிடந்தபோது, யார் காசில்? ஆனாலும் உங்கள் கட்சிக்கு ஒரு நியாயம் உண்டு. தண்டவாளத்தை எடுத்தாலும் அந்தப் பட்டை நிலத்தை ஒதுக்கி வைத்திருக்கலாம். அதைச் செய்யாததால்தான் 2025இல் கஃப் பரேட் வரை பூமிக்கு அடியில் குடைந்து போக வேண்டி வந்தது. இதற்கு மேல் இரண்டு பேரும் டீக்கடையில் பேசிக்கொள்ளுங்கள், இன்னும் கேள்விகள் இருக்கின்றன.

கோரேகாவ்: தாதர் டி.டி.யில் டிராம் ஓடியதாமே?

டி.டி. என்பதே டிராம் டெர்மினஸ்தான். 1964 மார்ச் 31 இரவு கடைசி டிராம் போரிபந்தரிலிருந்து தாதருக்குப் போனது. டிராம் கேள்விகளுக்கு இத்தோடு கடை மூடியாயிற்று.

வாஷி: சென்னையில் இதுபோல் ஏதாவது உண்டா?

முழுக்கக் கைவிட்ட பாதை அல்ல. ஆனால் 1931இல் தொடங்கிய பீச்–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயிலைச் சொல்லலாம். அதுவும் முதலில் 1,500 வோல்ட் டி.சி.யில் ஓடி, பிறகு ஏ.சி.க்கு மாறியது. 2004இல் மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை மட்டும் நின்றது.

கல்யாண்: ரயில்வே தேர்வுக்கு எந்த கைடு வாங்கலாம்?

என் மகனைக் கேளுங்கள். எனக்குத் தெரியாது.

ஆன்டாப் ஹில்: அண்ணா, பழைய கம்பம் மாதிரி ஒன்று ஓடுகிற லைன் ஓரமாக நிற்கிறது. ஏறிப் பார்க்கலாமா?

கூடவே கூடாது! செல்பி குச்சி, குடைக்கம்பி, நூல் நனைந்த பட்டம் எதையும் ஓவர்ஹெட் கம்பிக்குக் கிட்டே கொண்டு போகக் கூடாது. 25,000 வோல்ட் தொட்டால்தான் அடிக்கும் என்பதில்லை, கிட்டப் போனாலே பாயும். குறைந்தது 2 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். தண்டவாளத்தில் நடப்பதும் குற்றம், ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவு.

காட்கோபர்: ஐயா, பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை போகலாமா?

தாராளமாக. ஜம்போ பிளாக், அதாவது பராமரிப்பு வேலைக்காக ரயிலை நிறுத்தி வைப்பது, இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிட்டுக் காலையிலேயே கிளம்புங்கள். சர்ச்கேட்டிலிருந்து பத்வார் பார்க் வாசல் வரை 2 கிலோமீட்டர் சொச்சம். திரும்ப நடக்க வேண்டாம். கஃப் பரேட்டில் மெட்ரோ ஏறினால் நடுவே விதான் பவன் மட்டும்தான், அடுத்தது சர்ச்கேட்.